டெக்னிக்கல் சந்தியில் இறங்கியவர்களுக்கு

இன்று சான்றிதழ் பெறும் பிள்ளைகளே,

மருதானையில் டெக்னிக்கல் சந்திக்கு அந்தப் பெயர் இந்தத் தொழில்நுட்பக் கல்லூரியால் வந்தது. 1893இல் இங்கே தொடங்கிய தொழில்நுட்பக் கல்விதான் பின்னர் கட்டுபெத்தைக்குப் போய், 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக நிமிர்ந்தது. "கம்பஸ் கிடைக்கேல்ல, அதான் டெக்குக்குப் போனவன்" என்று கலியாண வீட்டில் யாராவது சொன்னால், கூசாமல் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்வது அநியாயம்.

இங்கே படித்ததன் பெறுமதியை ஒரு வீட்டில் பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் மாடிவீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே ஒரு வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. "தம்பி, அதைக் கழற்றிப்போட்டு நேரா லைனைக் குடுங்கோ" என்கிறார் வீட்டுக்கார அம்மா. கற்காதவர் கொடுத்துவிடுவார். நீங்கள் கொடுக்க மாட்டீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்து, தண்ணீர் இறங்கிய ஹீட்டரைக் கண்டுபிடிப்பீர்கள். சிங்களத்தில் கேட்ட பாடத்தை, ஆங்கிலக் கைநூலில் சரிபார்த்து, அந்த அம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவீர்கள். அந்த வீட்டுக் குழந்தைகளின் உயிர் உங்கள் பிடிவாதத்தில் இருக்கிறது. இதைவிடப் பெரிய படிப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சான்றிதழோடு படிப்பு முடிவதில்லை. தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இரத்மலானை யூனிவோடெக் பல்கலைக்கழகம் அந்த ஏழாம் மட்டத்துக்கான வாசல். வேலைக்குப் போனவுடன் படிப்பை விட்டுவிடாதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொட்டாஞ்சேனையில் உங்களுக்கு முதன்முதலில் ஸ்பானர் பிடிக்கப் பழக்கிய பாஸ் ஒருவர் இருப்பார். பல வருட அனுபவம் இருந்தும் கையில் ஒரு கடதாசி இராது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்கு வராமலே, வேலையைச் செய்துகாட்டி அவரும் தகைமை பெறலாம். அவருக்குப் படிவம் நிரப்பக் கூச்சமாக இருக்கும். அடுத்த கிழமையே போய், பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள்.