காற்றாலை எங்கே சுழலும்? யாருக்காகச் சுழலும்?



"பால்மரம் வெட்டிய நிலத்தில் காற்றாலை வைத்தால் தோட்டப்புறத்துக்கு விடிவு வராதா?" என்று இங்கே ஒரு கேள்வி எழுந்தது. நல்ல கேள்விதான். ஆனால் காற்றாலைக்கு முதலில் வேண்டியது நிலமல்ல, காற்று.

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே இறக்கைகள் ஓய்வதில்லை. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய தமிழ்நாட்டின் காற்று மின்சாரம் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது.

நம் கிந்தா பள்ளத்தாக்கோ ஒரு பக்கம் கிளேடாங் மலை, மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடர் என்று அடைபட்டுக் கிடக்கிறது. மலேசியாவின் பல இடங்களில் சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர்தான். வேகம் 2-இலிருந்து 6 ஆனால், காற்றிலுள்ள ஆற்றல் மும்மடங்காவதில்லை, 27 மடங்காகிறது. ஆகவே காற்றில்லாத ஈப்போவில் நட்ட காற்றாலை வெறும் கம்பமாகத்தான் நிற்கும்.

சரி, அப்படியானால் முப்பந்தலில் நமக்குப் பாடமே இல்லையா? இருக்கிறது. கம்பத்தின் அடிவாரம் போக மீதி நிலத்தில் பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பல உழவர்கள் நிலத்தையே விற்றுவிட்டார்கள். பணம் ஒரு முறை கைக்கு வந்தது. இறக்கையோ ஆண்டுதோறும் சுற்றுகிறது. டென்மார்க் 2008-இல் இயற்றிய சட்டம், புதிய காற்றாலையின் 20 விழுக்காட்டுப் பங்கை உள்ளூர் மக்களுக்கு வாங்கக் கொடுக்க வேண்டும் என்றது. அந்த விதி 2020-இல் மாற்றப்பட்டாலும், அதன் நியாயம் பழசாகிவிடவில்லை.

பேராக்கில் நமக்கு வாய்த்தது ஆறும் வெயிலும். 1930-இல் எழுந்த செண்டரோ அணை இன்றும் மின்சாரம் தருகிறது. 1970-களில் தெமெங்கோர் அணைக்காக ஓராங் அஸ்லி மக்கள் குடிபெயர்க்கப்பட்டதையும் மறக்கலாகாது. 2016-இல் பெரிய அளவிலான சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு நாட்டில் ஏலம் தொடங்கியது. சூரியத் தகடு காற்றாலையைப் போலன்று. நிலம் முழுவதையும் மூடிவிடும். அங்கே லயத்து வீடுகள் இருந்தால் என்ன ஆகும்?

தோட்டத்து இன்ஜின் நின்றதும் இருட்டில் உட்கார்ந்த தலைமுறை நம்முடையது. தோட்டம் கைமாறியபோது, வீடு யாருடையது என்று கேட்கத் தவறியதால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் தவற்றை இன்னொரு முறை செய்யலாமா? எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே இது நன்றாக இயங்கும் என்று அளந்து பார்த்தார்களா? குடியிருப்பவருக்கு மாற்று வீடு எழுத்தில் உண்டா? வருமானத்தில் ஊருக்குப் பங்கு என்ன?

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். போட்ட பின் கேட்டால் அது காற்றோடு போய்விடும்.