ஹெல்மெட் கேமரா வாங்கும் முன்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள் ஹெல்மெட் கேமரா கேட்டு நச்சரிக்கிறார்கள், எந்தக் கம்பெனி நல்லது என்று சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். கம்பெனிக்குப் பிறகு வருகிறேன். அதை எங்கே மாட்டப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கோப்ரோவை உருவாக்கிய நிக் உட்மன் கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர். 2004-இல் அவர் விற்ற முதல் கேமரா ஃபிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. தலைக்கு ஏறியது பிறகுதான். அலை மேல் எதிரே சிமென்ட் லாரி வராது. நம் பிள்ளைகள் ஓட்டப்போவது பெரம்பலூர்–அரியலூர் சாலையில்.

ஹெல்மெட்டின் வெளி ஓடு வழவழப்பாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. விழுந்தால் தலை தரையில் சறுக்கிப் போகவேண்டும். உச்சியில் கேமரா துருத்திக்கொண்டிருந்தால் அது எங்காவது மாட்டிக் கழுத்தைத் திருகிவிடலாம். விபத்தில் காயம் கூடுகிறது என்று சொல்லித்தான் கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் கேமரா மாட்டிய ஹெல்மெட்டுகள் மீது நடவடிக்கை என்று அறிவித்தது. ஸ்க்ரூ போட ஓட்டை போடுவது இன்னும் மோசம், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, கேமரா இருந்தால் சாகசம் செய்யத் தோன்றும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தாமல் பக்கம் டி.டி.எஃப். வாசன் வீலிங் செய்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். 10 ஆண்டுக்கு லைசென்ஸ் போனது. அவர் விலை உயர்ந்த பாதுகாப்பு உடை போட்டிருந்தார், பார்த்துச் செய்யும் பையன்களிடம் அது இருக்காது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது. எனக்கும் அதே கவலைதான்.

ஆகவே நான் சொல்வது மார்புப் பட்டை. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது, குனிந்தால் பெட்ரோல் டேங்க்தான் தெரியும். அந்தக் குறை உண்டு. விழுந்தால் நெஞ்சில் குத்தவும் கூடும், ஆனால் தலைக்கவசம் தன் வேலையைச் செய்யும். ஹேண்டில்பாரில் மாட்டினால் படம் நடுங்கும். விபத்து நடந்தால் சாட்சிக்கு வேண்டும் என்பவர்கள் பைக் பேட்டரியிலேயே ஓடும் டேஷ்கேம் வாங்குங்கள். பழையதை அழித்துத் தானே பதிந்துகொண்டிருக்கும்.

இனி கேமரா. எடை பாருங்கள்: கோப்ரோ ஹீரோ 12 ஏறக்குறைய 154 கிராம், இன்ஸ்டா360 கோ 3 வெறும் 35 கிராம். மைதானத்தில் சைக்கிள், ஸ்கேட்டிங் என்று தலையில்தான் மாட்டுவேன் என்பவர்களுக்குச் சின்னதே போதும். ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி கட்டாயம். 4கே மேல் ஆசை வேண்டாம். சித்திரை வெயிலில் காற்றோட்டமின்றி நின்றால் சூடேறித் தானே அணைந்துவிடும். நொடிக்கு 60 மெகாபிட் என்றால் மணிக்கு 27 ஜிபி போய்விடும். ஃபுல் ஹெச்.டி.யே தாராளம். மெமரி கார்டில் வி30 என்று இருக்கிறதா பாருங்கள், மலிவு விலைப் போலிகளிடம் ஏமாறாதீர்கள். காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது, வெளி மைக் பொருத்த முடியுமா என்றும் கேளுங்கள்.

ஹெல்மெட் பழசாக இருந்தால், அந்தப் பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள். என்னிடம் மார்புப் பட்டை ஒன்று சும்மாதான் கிடக்கிறது. வேண்டுபவர்கள் ஒரு ஞாயிறு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.