மானமா, கீர்த்தியா?

(பொதட்டூர்பேட்டைச் சொற்பொழிவு)



இவ்வூரில் தறி நெய்யும் நீங்கள் அரிச்சந்திரன் கூத்தை விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். மயான காண்டம் வந்தால் அழாதவர் இல்லை. அழுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. யாருக்காக அழுவது என்பதே கேள்வி.

ஒரு பொய் சொன்னால் ராஜ்யம் திரும்பக் கிடைக்கும் என்கிறான் விசுவாமித்திரன். அரிச்சந்திரன் மறுக்கிறான். மெச்சுகிறோம். ஆனால் விலை கொடுத்தது யார்? பெண்டாட்டி பிள்ளையைக் காசியில் விற்றான். தன்னையும் விற்றுக்கொண்டானே என்பீர்கள். வாஸ்தவம். அவன் தன் வாக்குக்காக விலைப்பட்டான். அவர்கள் யார் வாக்குக்காக? “என்னை விற்றுவிடுங்கள்” என்று சந்திரமதியே சொன்னாளாம். அப்படிச் சொல்பவளுக்குத்தானே பத்தினிப் பட்டம்!

இன்னொரு நாடகம் கேளுங்கள். ஆர்தர் மில்லர் எழுதி 1953-இல் அரங்கேறிய ‘தி க்ரூசிபிள்’. கதை நடப்பது சேலத்தில். நம் சேலமல்ல, அமெரிக்கச் சேலம். 1692-இல் அங்கே சூனியக்காரர் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஆவி வந்து கிள்ளியது என்று சிறுமிகள் சொன்னதே சாட்சியம்! பிசாசோடு சேர்ந்தேன் என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. இல்லை என்ற யோக்கியர்களே தொங்கினார்கள்.

நாடகத்தில் ஜான் ப்ராக்டர் என்ற குடியானவனின் மனைவி மேல் பழி விழுகிறது. அவளைக் காப்பாற்ற, பழி சொன்ன பெண்ணோடு தனக்கிருந்த கள்ள உறவைச் சபையில் தானே சொல்லித் தன் கீர்த்தியைக் குப்பையில் போட்டான். பொய்யே அறியாத மனைவியோ, புருஷன் பெயரைக் காக்க அப்படியில்லை என்று ஒரே பொய் சொன்னாள். அதுவே அவனுக்கு வினையாயிற்று.

பிறகு, “பிசாசைக் கண்டேன் என்று கையெழுத்துப் போடு, உயிர் தருகிறோம்” என்றார்கள். போட்டான். ஆனால் பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்தான். அக்காகிதத்தைச் சர்ச்சுக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்றதும் கிழித்தெறிந்துவிட்டுத் தூக்குமேடை ஏறினான். அரிச்சந்திரன் ஓங்கிய கத்தி மாலையானதுபோல், இவன் கயிறு மாலையாகவில்லை. எந்தத் தேவனும் வரவில்லை.

பெண்டாட்டிக்காகக் கீர்த்தியை விட்டவன் ஒருவன். கீர்த்திக்காகப் பெண்டாட்டியை விற்றவன் ஒருவன். கீர்த்தி பிறர் வாயில் இருப்பது. மானம் நம்மிடம் இருப்பது. அதற்கு விலையாக நம் கழுத்தைக் கொடுக்கலாம். அடுத்தவர் கழுத்தைக் கொடுக்க நாம் யார்?

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். சூனியக்காரி என்று பெண்களை வதைப்பதைத் தடுக்க, பீகாரில் 1999-இல் சட்டம் போட வேண்டியிருந்தது!

கூத்து வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது ஒன்று மட்டும் யோசியுங்கள்: அந்தப் பிள்ளை லோகிதாசனை யார் கேட்டார்கள்?