ஊர் முழுக்கத் திண்ணை



மழை பெய்துகொண்டே இருக்கிறது. கையில் குடை இல்லை. ஆனாலும் மணிக்கணக்காக ஊரைச் சுற்றலாம். தலையில் ஒரு துளி விழாது. அப்படி ஓர் ஊர் இத்தாலியின் வடபகுதியில் இருக்கிறது. அதன் பெயர் பொலோனியா. இன்று உங்களை அங்கே அழைத்துப் போகிறேன்.

நான் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். வசந்த காலத்தில் பொலோனியாவில் நடக்கும் குழந்தைகள் புத்தகக் கண்காட்சிக்கு, பனைமரத்தைப் பற்றிய என் படக்கதை நூலோடு போகும் வாய்ப்பு வந்தது. நான்கு நாள் வேலை. “எல்லாருமே போவோமே” என்றார் கணவர். சேமிப்பில் கைவைத்துத்தான் கிளம்பினோம். நாங்கள் இருவர், ஒன்பது வயது மகள், பாளையங்கோட்டையை விட்டு அதிகம் வெளியே வராத என் அம்மா.

போய் இறங்கிய மாலை தூறல். தெருவின் இருபுறமும் வீடுகளின் கீழ்த்தளம் உள்வாங்கி, தூண்களும் வளைவுகளுமாக நடைபாதை நீண்டு கிடந்தது. ஒரு வீட்டின் தூண் வரிசை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டின் வரிசை தொடங்குகிறது. அம்மா தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நம்ம ஊருத் திண்ணைய ஊரு பூரா நீட்டி வச்சிருக்காவளே!”

அம்மா சொன்னது சரிதான். இந்தத் தூண் நடை வந்த கதை இதுதான். பொலோனியா பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்வார்கள். மாணவர்களும் வணிகர்களும் வந்து குவிந்தார்கள். இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்துத் தாங்கினார்கள். 1288இல் நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது: வீடு கட்டினால் இந்தத் தூண் நடை இருந்தே ஆக வேண்டும், குதிரைமேல் வருகிறவர் தலை இடிக்காமல் போகிற உயரமும் வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, வழி ஊராருடையது. இன்று எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இனி, நான் போன வேலைக்கு வருகிறேன்.

இந்தக் கண்காட்சி 1964இல் தொடங்கியது. நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிபோல் புத்தகம் வாங்குகிற இடம் என்று நினைக்காதீர்கள். இங்கே விற்பனையாவது உரிமை. ஒரு மொழியில் வந்த நூலை இன்னொரு மொழியில் வெளியிட யாருக்கு உரிமை, எத்தனை ஆண்டுக்கு, ஆசிரியருக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கிற சந்தை. பல நாடுகளின் பதிப்பாளர்கள், ஓவியர்கள், முகவர்கள் சிறு சிறு மேசைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு சந்திப்புக்கு அரைமணி நேரம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இளம் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, யாராவது நின்று பார்ப்பார்களா என்று காத்திருக்கிறார்கள். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் என் முதல் கதையைத் தபாலில் போட்ட நாள் நினைவுக்கு வந்தது.

நமக்கும் அங்கே பெருமை உண்டு. சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்ட, கோண்ட் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களின் நூல் 2008இல் பொலோனியாவின் ராகாட்ஸி விருது பெற்றது. அந்த நூலின் படங்கள் கையால் ஒவ்வொன்றாகத் திரை அச்சில் எடுக்கப்பட்டவை.

முதல் நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. பனையின் பயன், கதையின் கருத்து என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். எதிரே இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக எழுந்து போனார்கள்.

கண்காட்சி தொழில்துறையினருக்கானது என்பதால் குடும்பத்தினர் வெளியேதான். மாலையில் அவர்களைத் தேடிக்கொண்டு நகரின் நடுச் சதுக்கத்துக்குப் போனேன். பெரிய தேவாலயமும் நெப்டியூன் நீரூற்றும் இருக்கிற அந்த இடத்திலேயே சாலபோர்ஸா என்ற பொது நூலகம் இருக்கிறது. ஒரு காலத்தில் பங்குச் சந்தை நடந்த கட்டடம், 2001இல் நூலகமானது. தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் ரோமானியர் காலத்து நகரின் இடிபாடுகள் தெரியும். குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைகளுக்கும் அதில் இடம் உண்டு.

அங்கே அம்மா ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் இத்தாலியப் படப்புத்தகம். மகள் சாய்ந்துகொண்டு பக்கத்தைத் திருப்ப, அம்மா திருநெல்வேலித் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஓர் இத்தாலிய எழுத்துகூடத் தெரியாது. படத்தில் இருந்த கரடி கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் மொழி புரியாமலே எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மேசையில் நான் எதையும் ஒப்பிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து எதிரே இருந்தவர் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கத்தைப் புரட்டுகிற வேலையை அவரிடமே விட்டேன். நுங்குவண்டி ஓட்டுகிற பிள்ளையின் படத்தில் அவர் கை நின்றது. “இது என்ன?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் பேச்சு தொடங்கியது. அன்று ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை. படித்துப் பார்க்க ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கதையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர்கள் என் அம்மாவும் மகளும்தான்.

நேயர்களே, பொலோனியா போனால் இரண்டு இடங்களை விட்டுவிடாதீர்கள். சதுக்கத்தில் பொதெஸ்தா மாளிகையின் வளைவுக்கு அடியில், மூலையைப் பார்த்து நின்று ரகசியம் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் நிற்பவர் காதில் தெளிவாக விழும். “கேக்குதா கண்ணு?” என்று அம்மா சுவரிடம் கேட்க, அந்த மூலையிலிருந்து “கேக்குது ஆச்சி!” என்று மகள் துள்ளினாள்.

இன்னொன்று, சான் லூக்கா மலைக்கோயிலுக்கு ஏறும் தூண் நடை. 666 வளைவுகள், நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1674இல் கட்டத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் மரியன்னையின் திருவுருவம் மலையிலிருந்து நகருக்கு ஊர்வலமாக வரும்; மழையில் நனையாமல் வந்து சேரத்தான் இத்தனை தூணும் கூரையும். அம்மா பாதி வழி ஏறி, தூணடியில் உட்கார்ந்து, “சாமி வார பாதைல நாமளும் வந்துட்டோம்” என்று கும்பிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கிறேன். பொலோனியாவில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு பங்கை ஊருக்கு விட்டார். நாமும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது. அது உங்கள் வீட்டுத் திண்ணை.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நாள், அது திறந்திருக்கிற நேரம் பார்த்து, பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். புத்தகத்தைப் பிள்ளையின் மடியில் வைத்து, கதையைப் பெரியவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.