நம் கொல்லை மரமும் நம் வீட்டு மேசையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீட்டுக்கும் பள்ளிக்கும் வேண்டிய மேசை, நாற்காலி, விசிப்பலகை முதலியவற்றை நாமே திட்டமிட்டுச் செய்துகொள்வது பற்றி இன்று பேச விரும்புகிறோம். கடைகளில் விற்கும் மரத்தூள் பலகை மேசை பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பட்டால் அதன் ஓரம் உப்பிவிடுகிறது. திருகாணி ஒருமுறை கழன்றால் அதே துளையில் மீண்டும் பிடிப்பதில்லை. நம் கொல்லையில் முற்றி நிற்கும் வேம்பும் பூவரசும் வாகையுமோ, காற்றில் சாய்ந்ததும் விறகுக்குப் போய்விடுகின்றன.

முப்பது ஆண்டு வளர்ந்த மரத்தை ஒருமுறைதான் வெட்ட முடியும். அறுத்த பலகை கெட்டுப்போனால் அடுத்த மரத்துக்கு நம் பேரப்பிள்ளைகள் காலம் வரும். ஆகையால் அவசரம் கூடாது. திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பச்சை மரத்தை வெட்டிக் கொடுத்துக் கட்டில் செய்யச் சொன்னால் தச்சர்தான் என்ன செய்வார்? ஆறு மாதத்தில் கட்டில் ஆடும். பழி அவர்மேல் விழும். (புறம்போக்கில் நிற்கும் மரம் வேறு. உரிய அனுமதியின்றி அதன்மேல் கோடரி படலாகாது.)

பச்சை மரத்தில் நீர் மிகுதி. அது வற்றும்போது மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலவாட்டில்தான் சுருங்குகிறது. அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். பலகை வளைவதும் வெடிப்பதும் இதனாலேயே. அறுத்த பலகையை நிழலில், தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில் கட்டைகள்மேல் அடுக்க வேண்டும். பலகைக்குப் பலகை இடையே ஓர் அங்குலக் குச்சிகளை, ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையும்படி வைக்க வேண்டும். முனைகளில் பழைய பெயின்டைப் பூசினால் வெடிப்பு குறையும். மேலே பாரம் ஏற்றுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது கைக்கணக்கு. ஐயம் இருந்தால், அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாரந்தோறும் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வைரம் பாய்ந்த நடுப்பகுதியே காலுக்கும் சட்டத்துக்கும் ஏற்றது. வெளிறில் மாவுப்பொருள் இருப்பதால் வண்டு துளைக்கும். வெட்டிய கட்டையைக் குளத்தில் ஊறப்போட்ட நம் முன்னோர் வழக்கம் அந்த மாவுப்பொருளைக் குறைப்பதற்கு உதவியது. வாகையை இழைக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அதன் தூள் பெருந்தும்மல் கொடுக்கும்.

இனி அளவு. பெரியவர் அமரும் நாற்காலிக்கு 17 அல்லது 18 அங்குல உயரமும், மேசைக்கு 29 அல்லது 30 அங்குல உயரமும் பொருந்தும். அங்கன்வாடிக் குழந்தைக்கு 10 அங்குல இருக்கையே போதும். பெரியவர் விசிப்பலகையில் கால் தொங்க அமர்ந்திருக்கும் குழந்தை எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும்? அமர்பவரின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை கயிற்றால் அளந்து, அந்த அளவையே கொள்வது எல்லாவற்றினும் நல்லது. பின்னர்ச் செய்யவிருக்கும் பொருளைச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் முழு அளவிலேயே வரைந்து பாருங்கள். எத்தனை சட்டம், எத்தனை அங்குலம் என்பது அப்போதே தெரிந்துவிடும், மரமும் வீணாகாது. கட்டிலாயின் வாசற்படியின் அகலத்தையும் மறவாமல் அளக்கவேண்டும்!

காலும் சட்டமும் கூடும் இடத்தில் ஆணியை நம்பலாகாது. துளையிட்டுக் கழுந்தைப் பொருத்துவதே முறை. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். மேற்பலகையை மட்டும் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் பலகை ஈரம் உறிஞ்சி அகலும்; கோடையில் ஒடுங்கும். திருகாணித் துளையைப் பலகையின் அகலவாட்டில் சற்று நீளமாகத் துளைத்தால் அந்த அசைவுக்கு இடம் கிடைக்கும்.

தை அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும்போது மரத்தை அறுத்து அடுக்கினால், மழைக்கு முன் ஒரு கோடை முழுவதும் அது உலரும். அங்குலப் பலகை அடுத்த தைக்கு உளிக்கு ஆயத்தமாகிவிடும்.