பசியைச் சுமக்கும் வேலைக்காரன்



இத்தாலியின் மிலான் நகரில் பிக்கோலோ தியேட்டர் என்றொரு நாடக அரங்கம் இருக்கிறது. ‘இரண்டு முதலாளிகளின் வேலைக்காரன்’ என்ற நாடகம் அங்கே 1947 ஜூலை 24-ஆம் தேதி மேடையேறியது. அதன்பின் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போய்வந்திருக்கிறது. நாடகத்தைத் தூக்கி நிறுத்துகிற பாத்திரம் ஆர்லெக்கினோ. வேலைக்காரன், கோமாளி, எப்போதும் பசியோடு இருப்பவன். ஃபெருச்சியோ சொலேரி என்ற நடிகர் அந்த வேடத்தை முதன்முதலில் போட்டது 1960-இல். அதிலிருந்து அவர் ஓய்வுபெற்றது 2018-இல், தமது 88-ஆம் வயதில். இடையே 2,000 தடவைக்கு மேல் அதே வேடம். ஒரே பாத்திரத்தை மிக நீண்ட காலம் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

சிரிப்பு வேடம்தானே, அதில் இத்தனை ஆண்டுகள் செய்ய என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த வேடத்தைப் போட்டவர்களும் அவர்களை இயக்கியவர்களும் சொல்லி வைத்திருப்பதைக் கவனித்தால் விடை கிடைக்கிறது. அவர்கள் சிரிப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. பசியைப் பற்றிப் பேசுகிறார்கள். முகமூடிக்குள் வழியும் வியர்வை, கழுத்தைத் திருப்ப வேண்டிய விதம், தட்டை ஏந்தி ஓடும்போது முழங்கால் மடங்கும் அளவு, இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முதலில் கதை. பெயாத்ரிச்சே என்ற பெண், இறந்துபோன தன் அண்ணனின் உடையை அணிந்து ஆண் வேடத்தில் வெனிஸுக்கு வருகிறாள். அவளுடைய காதலன் ஃப்ளோரிந்தோ. அவளுடைய அண்ணனைச் சண்டையில் கொன்றுவிட்டு அவனும் அதே ஊருக்கு ஓடி வந்திருக்கிறான். இருவரும் ஒரே விடுதியில், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் தங்குகிறார்கள். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த கோமாளி, இன்னொரு சம்பளமும் இன்னொரு வேளைச் சாப்பாடும் கிடைக்குமே என்று அவனிடமும் சேர்ந்துகொள்கிறான். கடிதங்கள் மாறுகின்றன, பெட்டிகள் மாறுகின்றன, அடி மட்டும் தவறாமல் இவனுக்கு விழுகிறது.

பிரித்த கடிதம் ஒன்றை அவன் மறுபடி ஒட்டவேண்டியிருக்கிறது. ரொட்டியை மென்று பசையாக்கி ஒட்டலாம் என்று வாயில் போடுகிறான். பசி முந்திக்கொள்கிறது, ரொட்டி உள்ளே போய்விடுகிறது. மறுபடி ஒரு துண்டு எடுக்கிறான், அதுவும் போய்விடுகிறது. சோற்றுப் பருக்கையால் உறை ஒட்டிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதியவர் வெனிஸைச் சேர்ந்த கார்லோ கோல்தோனி. 1745-இல் அவர் பீசா நகரில் வக்கீலாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்தோனியோ சாக்கி என்ற புகழ்பெற்ற கோமாளி நடிகர் தமக்கு ஒரு நாடகம் வேண்டும் என்று கடிதம் எழுதிக் கேட்டார். கோல்தோனி காதலர்கள் பேச வேண்டிய முக்கியமான பகுதிகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். கோமாளியின் பகுதிக்குக் காட்சிக் குறிப்புதான் இருந்தது. மற்றது சாக்கியின் பொறுப்பு. மேடையில் அந்தந்த இரவு அவர் பேசியதுதான் வசனம்.

சாக்கியிடம் அது சரியாக நடந்தது. வேறு நடிகர்கள் கைக்குப் போனபோது கொச்சையும் ஆபாசமும் நுழைந்துவிட்டன. அதனால்தான் கோல்தோனி பிறகு முழு நாடகத்தையும் எழுதி 1753-இல் அச்சேற்றினார். முன்னுரையில் நடிகர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தார். சொந்தமாகச் சேர்ப்பதைச் சேருங்கள், அசிங்கமான பேச்சை மட்டும் சேர்க்காதீர்கள் என்பது அதன் சாரம். இந்தப் பாத்திரம் ஒரே சமயத்தில் முட்டாளும் தந்திரசாலியும் என்று அதே முன்னுரையில் அவர் விளக்குகிறார். யோசிக்காமல் செய்யும் காரியத்தில் அவன் முட்டாள். ஆதாயம் கண்ணில் பட்டுவிட்டால் அவனைப்போல் சூட்சுமக்காரன் கிடையாது. இந்த வேடத்தைப் போட நினைக்கும் எவருக்கும் இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை என்பேன்.

சாக்கிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாணி நாடகம் இத்தாலியில் வேரூன்றியிருந்தது. 1545-இல் பாதுவா நகரில் சில நடிகர்கள் ஒன்றுசேர்ந்து, குழுவாக ஊர் ஊராகப் போய் நாடகம் போடப் பதிவாளர் முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அந்த ஆவணம் இன்றும் இருக்கிறது. கஞ்ச வியாபாரி, புலம்பும் பண்டிதர், வீரம் பேசும் சிப்பாய், இரண்டு வேலைக்காரர்கள் என்று நிலையான பாத்திரங்கள். வேலைக்காரன் எப்போதும் பெர்கமோ மலைப்பக்கத்து ஆள். அந்த மலைகளில் பிழைக்க வழியில்லாமல் வெனிஸுக்கு இறங்கி வந்து மூட்டை தூக்கிய ஏழைகள் ஏராளம். மேடையில் கோமாளிக்கு இருக்கும் பசி அவர்களிடமிருந்து வந்தது.

1947-ஐ இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். குண்டு விழுந்த நகரம் மிலான். பிக்கோலோ அரங்கம் அமைந்த ரொவெல்லோ தெருக் கட்டடத்தில், போர்க்காலத்தில் பாசிசப் படையினர் கைதிகளைச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் இயக்குநர் ஜார்ஜோ ஸ்ட்ரேலரும் பாவோலோ கிராஸ்ஸியும் நீனா வின்ச்சியும் நாடகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்தவர்கள் ரேஷன் ரொட்டிக்கு நின்றவர்கள். அவர்கள் முன்னால் ஒருவன் ரொட்டித் துண்டை மெல்லவும் முடியாமல் விழுங்காமல் இருக்கவும் முடியாமல் தவிப்பது சாதாரண வேடிக்கையாக இருந்திருக்க முடியாது.

அன்று ஆர்லெக்கினோவாக நின்றவர் மார்செல்லோ மொரெட்டி, வெனிஸில் பிறந்தவர். அவருக்கும் முகமூடிக்கும் நடந்த போராட்டத்தை ஸ்ட்ரேலர் விரிவாக எழுதியிருக்கிறார். முகமூடி செய்யும் பழைய கலை அப்போது மறைந்துபோயிருந்தது. அட்டையிலும் துணியிலும் செய்த முதல் முகமூடிகள் முகத்தை அறுத்தன, பார்வையை மறைத்தன. மொரெட்டி அவற்றைத் தூக்கி வைத்துவிட்டு முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்தார். முகபாவத்தை விட்டுக்கொடுக்க எந்த நடிகருக்குத்தான் மனம் வரும்?

பாதுவாவைச் சேர்ந்த அம்லேத்தோ சர்த்தோரி என்ற சிற்பி அந்தக் கலையை மீட்டார். மரத்தில் அச்சு செதுக்கி, அதன்மேல் ஈரத்தோலைப் பதித்துத் தட்டித் தட்டி முகமூடி செய்தார். பூனைச் சாயலில் ஒன்று, நரிச் சாயலில் ஒன்று, காளைச் சாயலில் ஒன்று என்று ஆர்லெக்கினோவுக்கே பல முகங்கள். தோல் முகமூடி மொரெட்டிக்குப் பொருந்தியது. பிறகு அவர் அதை விடவில்லை.

ஒத்திகைகளில் ஸ்ட்ரேலரும் மொரெட்டியும் கண்டுகொண்ட ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. முகமூடி போட்டவர் தம் கையால் அதைத் தொடக் கூடாது. தலையில் கை வைத்து அழுவது, கன்னத்தைத் தடவுவது போன்ற அன்றாடச் சைகை ஒன்றைச் செய்து விரல் முகமூடியில் பட்டுவிட்டால், அந்த நொடியில் பாத்திரம் செத்து வெறும் தோல் தெரிந்துவிடும். ஆகவே அழுகையைத் தோளால் காட்ட வேண்டும். வெட்கத்தைப் பாதத்தால் காட்ட வேண்டும். பார்க்கிறான் என்று காட்டக் கண் போதாது, கழுத்தோடு தலை முழுவதும் திரும்ப வேண்டும். முகத்தைப் பறிகொடுத்த நடிகருக்கு உடம்பு முழுவதும் முகமாகிறது.

மொரெட்டி 1961-இல், ஐம்பது வயதில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் பயணத்தில் அவருக்குப் பதிலாக மேடையேறிய இளைஞர்தான் சொலேரி. ஃபுளோரன்ஸ்காரர். பாத்திரம் பேசுவதோ வெனிஸ் பக்கத்து வட்டார மொழி. வேறு ஊர் நாக்கு, வேறு நடிகரின் புகழ், போதாக்குறைக்கு முகத்தை மூடிய தோல். இத்தனையையும் தாண்டி அவர் அந்த வேடத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

விருந்துக் காட்சியில் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. இரண்டு அறைகளில் இரண்டு முதலாளிகள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்குப் பரிமாற வேண்டும். தட்டுகள் பறக்கின்றன, சூப்புச் சட்டி வருகிறது, தளதளக்கும் களி போன்ற இனிப்பு தட்டில் ஆடிக்கொண்டே வருகிறது. அதனுடன் சேர்ந்து அவர் உடம்பும் ஆடுகிறது. வழியிலேயே ஒரு வாய் ருசி பார்த்தாக வேண்டும். தெறித்து ஓடும் அந்த வேகத்தில் ஒரு தட்டு அரை நொடி தாமதித்தாலும் அடுத்த ஆள் வழியில் வந்து மோதுவார். குழப்பம்போலத் தெரிவதற்கு அத்தனை கணக்கு வேண்டியிருக்கிறது.

இன்னொரு கட்டத்தில் அவர் ஒரு ஈயைப் பார்க்கிறார். மேடையில் ஈ கிடையாது. ஆனால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்போது பறந்தது என்று அரங்கமே பார்க்கிறது. பதுங்கி, பாய்ந்து, பிடித்து, சிறகைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார். சிரிப்பு வெடிக்கிறது. ஈயைத் தின்னும் அளவுக்கு ஒருவனுக்குப் பசி என்பது அந்தச் சிரிப்புக்கு அடியிலேயே கிடக்கிறது. இத்தகைய துணுக்குகளை அந்நாட்டு நடிகர்கள் ‘லாட்சி’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து அது.

நாடகம் முடிந்து வணங்கும்போது சொலேரி முகமூடியைக் கழற்றுவார். துள்ளிக் குதித்த இளைஞனின் உடம்பின்மேல் எண்பது வயது முகம் தெரியும். அரங்கம் ஒரு கணம் வாயடைத்துப் போகும், அப்புறம்தான் கைதட்டல். 2006-இல் வெனிஸ் பியெனாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அளித்தது. அவருக்குப் பின் முகமூடியை ஏற்றவர் என்ரிக்கோ பொனாவேரா, அதே நாடகத்தில் பல ஆண்டுகள் பிரிகெல்லா என்ற இன்னொரு வேடத்தில் நடித்தவர். பக்கத்தில் நின்று பார்த்தவரிடமே வேடம் போய்ச் சேர்ந்தது.

நோபல் பரிசு பெற்ற தாரியோ ஃபோவும் இந்தப் பேச்சில் சேர வேண்டியவர். எழுத்தாளர் என்று உலகம் கொண்டாடினாலும் அவர் அடிப்படையில் மேடை நடிகர். 1969-இல் தொடங்கிய ‘மிஸ்தேரோ புஃபோ’ என்ற தனிநபர் நிகழ்ச்சியில் பசித்த வேலைக்காரன் ஒருவனைக் காட்டினார். பசி முற்றித் தன் உடம்பையே தின்பதாக அவன் கனவு காண்கிறான். விழித்ததும் அவனுக்குக் கிடைப்பது ஒரு ஈ. 1985-இல், 59 வயதில், ஃபோ தாமே ஆர்லெக்கினோவாக வெனிஸில் மேடையேறினார். நளினமாக நடனமாடும் ஆர்லெக்கினோ பிற்காலத்து மெருகு, மூலவன் முரடன், அடங்காதவன் என்பது அவர் கட்சி. சொலேரியின் நளினத்துக்கு நேர் எதிர் நிலை இது. இருவரில் யார் சரி என்றால், மேடையில் சொலேரி பக்கமே என் மனம் சாய்கிறது. அந்த நளினத்துக்குள் பசி கொஞ்சமும் குறையவில்லை.

முகமூடி இல்லாமலும் இந்த வேடம் பிழைக்குமா? 2011-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் அதைச் சோதித்தது. ரிச்சர்ட் பீன் எழுதி, நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கிய நாடகத்தில் கதை 1963-ஆம் ஆண்டு பிரைட்டன் நகரத்துக்கு இடம் மாறியது. கோமாளி பிரான்சிஸ் ஹென்ஷல் என்ற குண்டு மனிதன். ஜேம்ஸ் கார்டன் நடித்தார், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டோனி விருதையும் வாங்கினார். முன்பாதி முழுவதும் அவன் பட்டினி. பார்வையாளர்களிடமே சாண்ட்விச் இருக்கிறதா என்று கேட்கிறான்.

இரண்டாம் பாதியில் அவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. உடனே பார்வையாளர் பக்கம் திரும்பி, இதுவரை என்னை ஓட்டியது பசி, இனி என்னை எது ஓட்டும் என்று தன் பாத்திரத்தைப் பற்றித் தானே விவாதிக்கிறான். விடை காதல். பாத்திரத்துக்கு ஒரு ஆசை வேண்டும், அது தீர்ந்தால் இன்னொன்று வேண்டும், ஆசை இல்லாத கோமாளியால் ஒரு நிமிடம்கூட மேடையில் நிற்க முடியாது. நடிப்புப் பள்ளியில் பல மாதம் சொல்லித்தருவதை அந்த நாடகம் சிரிக்கவைத்தபடியே சொல்லிவிடுகிறது.

இவ்வளவு பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. பழைய நடிகர்களிடமிருந்து கிடைத்திருப்பது மிகச் சொற்பம். ஆர்லெக்கினோ வேடத்தை முதலில் புகழ்பெறச் செய்த த்ரிஸ்தானோ மார்த்தினெல்லி 1601-இல் பிரான்ஸ் மன்னருக்கு ஒரு நூலைச் சமர்ப்பித்தார். மொத்தம் 70 பக்கம், அதில் 59 வெற்றுப் பக்கங்கள். தங்கச் சங்கிலி கேட்டு அவர் செய்த குறும்பு அது. ஆனால் அவர் எப்படி நடந்தார், எங்கே நிறுத்தினார், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்பது நமக்குக் கிடைக்காமலே போயிற்று. சர்த்தோரியும் மொரெட்டியும் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது அதனால்தான்.

நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. தெருக்கூத்தில் முதலில் வந்து கதையை அறிவிப்பவர் கட்டியங்காரர். வருகிற ராஜாவை நீ யார் என்று கேட்பவர் அவர். காவல்காரராகவும் மந்திரியாகவும் மாறி, பாரதக் கதைக்கு நடுவே இன்றைய விலைவாசியையும் பேசுபவர் அவர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேடக்காரர் எழுதிவைத்த வசனம் இல்லாமல் நள்ளிரவுவரை கூட்டத்தைக் கட்டிப்போடுகிறார். பம்மல் சம்பந்த முதலியாரும் அவ்வை சண்முகமும் தங்கள் மேடை அனுபவங்களை நூல்களாக எழுதிவைத்தார்கள். கட்டியங்காரரும் பபூனும் அப்படி எழுதியது அரிது. அவர்களுடைய வித்தை இன்னமும் உடம்பிலும் நாக்கிலும்தான் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்து நடந்தால் ஒப்பனை நடக்கும்போதே போய் உட்காருங்கள். கட்டியங்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த வேடத்தை யாரிடம் கற்றீர்கள், கூட்டம் சிரிக்காத இரவில் என்ன செய்வீர்கள், ராஜா வசனம் மறந்தால் எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிவுசெய்து, பெயரும் ஊரும் தேதியும் குறித்து, பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கோ வானொலி நிலையத்துக்கோ அனுப்பிவையுங்கள். எழுபது, எண்பது வயதில் இருக்கும் கலைஞர்களிடம் முதலில் போங்கள். இந்தப் பருவத்துக் கூத்துகள் முடிவதற்குள் போங்கள்.