சுத்தமான நகரும் அதைச் சுத்தம் செய்வோரும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் குப்பையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 இலக்குகளில் 11ஆவது, நகரங்கள் எல்லோரையும் அரவணைப்பனவாகவும் பாதுகாப்பானவையாகவும் நீடித்து நிலைப்பனவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நகரம் அப்படி இருக்கிறதா என்று அறிய, அதன் குப்பை எங்கே போகிறது, யார் கையால் போகிறது என்ற இரண்டு கேள்விகளே போதும்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகரினூடாக ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையில் கலக்கிறது. அம்பன் கங்கையின் நீர்தான் பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்புகிறது. இங்கே நாம் ஆற்றில் எறிவது அங்கே விவசாயியின் வயலைத் தேடிப் போகிறது. மலைபோலக் குவித்து வைத்தாலும் ஆபத்துத்தான். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு நாடெங்கும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. ஒரு தயிர்ச் சட்டி, ஒரு யோகட் கோப்பை, அதில் தேங்கிய மழைநீர். நுளம்பு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம் பத்து நாள் போதும். காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு வைத்தியர்களாகிய நாங்கள் சேலைன் ஏற்றுகிறோம். ஆனால் அந்த நோயின் தொடக்கம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

இதற்கு வழி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2007இல் நமது மாத்தளையிலேயே ஒரு முயற்சி தொடங்கியது. மாநகர சபையும் செவனத்த என்னும் உள்நாட்டு நிறுவனமும் ஐ.நா.வின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவின் உதவியோடு குப்பையிலிருந்து கூட்டுப்பசளை செய்யும் நிலையத்தை அமைத்தன. வழிகாட்டியது பங்களாதேஷின் வேஸ்ட் கன்சர்ன் நிறுவனம். நமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மரக்கறித் தோலும் சோறும் இலைதழையுமே. அதைப் பிரித்தெடுத்துக் காற்றுப் படும்படி குவித்தால் தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அழியும். நாற்பது நாளளவில் பக்குவப்பட்டு, மேலும் சில கிழமைகள் ஆறினால் பசளை. தோட்டத்துக்கும் வயலுக்கும் அதுவே உணவு.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர் நிலையத்தில் இல்லை, நம் குசினியில் இருக்கிறது. சோற்றோடு கண்ணாடித் துண்டும் பற்றரியும் கலந்து போனால் அந்தப் பசளையை ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. யார் கையால் போகிறது?

மாசி மாதம் முத்துமாரியம்மன் கோயில் ஐந்து தேர்களும் வீதியுலா வரும்போது வடம் பிடிக்க நாம் எல்லோரும் போட்டி போடுகிறோம். மறுநாள் விடியுமுன் அந்த வீதியைக் கூட்டிச் சுத்தமாக்குபவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய அப்பா வீதி கூட்டும் வேலை செய்தார். பாடசாலை விடும் நேரத்தில் அவர் எதிரே வந்தால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் பக்கத்தில் இருக்க மறுத்துச் சிலர் இடம் மாறினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் பேசாமல் இருந்தோம். சாதாரண தரத்தோடு அவள் நின்றுவிட்டாள். இந்த விழாவுக்காகப் பழைய மாணவியர் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தபோது அவளைத் தேடினோம். முகவரி கிடைக்கவில்லை. இன்று நாம் கேட்க வேண்டிய மன்னிப்பு அவள் காதுக்கு எட்டுமோ தெரியாது.

நகரத்தைச் சுத்தம் செய்பவரை அசுத்தமானவராக நினைக்கும் வரையில் நமது நகரம் சுத்தமாகாது. குப்பையை ஒதுக்கும்போது அதைத் தொடும் மனிதரையும் ஒதுக்கினால், அந்த வேலையில் உள்ள ஆபத்து நம் கண்ணிலேயே படாது. கையுறையின்றிக் குப்பை அள்ளுவோரின் விரலில் கண்ணாடி வெட்டுகிறது. அந்தக் காயத்தினூடாக எலிக்காய்ச்சல் கிருமி புகுகிறது. நீரிழிவுக்கு நாம் ஏற்றிக்கொண்ட இன்சுலின் ஊசி அவர் கையில் குத்துகிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இன்று மதிய உணவு முடிந்ததும் இலையும் எச்சிலும் ஒரு வாளியில், போத்தலும் பிளாஸ்ரிக்கும் இன்னொன்றில். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பசளைக் குழியை இந்த ஆண்டே தொடங்குவோம். இரண்டாவது, நீங்கள் லண்டனில் இருந்தாலும் உக்குவளையில் இருந்தாலும், ஊசியையும் பிளேட்டையும் மூடியுள்ள தடித்த போத்தலில் இட்டு இறுக மூடித் தனியே கொடுங்கள். மூன்றாவது, நமது சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பங்கைச் சுகாதாரத் தொழிலாளரின் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். மேடைக்கு அழைத்துக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்கவும் வேண்டாம். பல்கலைக்கழக வாசல்வரை அந்தப் பிள்ளைகளோடு கூட நடந்தாலே போதும்.

அடுத்த நூற்றாண்டின் பெயர்ப் பட்டியலில் எந்தப் பிள்ளையின் முகவரியும் விடுபடக்கூடாது.